பழைய வீட்டை இடித்தால் எது தேறும்? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையில் களிமண் உண்டு, மணல் உண்டு, கல் கிடையாது. தஞ்சாவூருக்குக் கிழக்கே வீடு கட்டுகிறவர் வாங்கும் ஒவ்வொரு யூனிட் ஜல்லியும் புதுக்கோட்டை, திருச்சி பக்கத்திலிருந்து லாரி ஏறி வந்தாக வேண்டும். அவ்வளவு தூரம் காசு கொடுத்துக் கொண்டுவந்ததை, வீட்டை இடித்த அன்றே வாய்க்கால் கரையில் கொட்டிவிட்டுப் போகிற ஊரும் இதுதான். பழைய கட்டடச் சாமான் வாங்கி விற்கும் கிடங்கு வைத்திருப்பதால் இது தொடர்பான சந்தேகங்கள் தினமும் என்னிடம் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வியாபாரி சொல்வதை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானது. அதனால் எதை என்னைப் போன்றவர்களிடம் விற்கக் கூடாது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறோம். அதில் எதெல்லாம் தேறும் ஐயா?

மரம் முதலில். தூண், உத்தரம், நிலை (கதவைத் தாங்கும் சட்டம்), கதவு, ஜன்னல், ஓட்டைத் தாங்கும் கைமரம், ரீப்பர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அடுத்து ஓடு, செங்கல், தரையில் பதித்த கருங்கல் பலகை, வாசற்படிக் கல், முற்றத்துக் கல்தொட்டி. ஜன்னல் கம்பி, பித்தளைக் குமிழ், கீல், தாழ்ப்பாள் போன்ற சிறு சாமான்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பழைய பித்தளைக் குமிழ்களை அப்படி விடாதீர்கள், அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேறாதது சுவரின் மேற்பூச்சும் மண்சாந்தும். அவற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது, தரை நிரப்புவது பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

இடிக்கிறவர், "நீங்கள் கூலி தர வேண்டாம், சாமானை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வீட்டில் தேக்கு இருந்தால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இடிப்புக் கூலியைவிட நான்கு தூணும் ஒரு நிலையும் அதிக விலை போகக்கூடும். முதலில் ஓடு, மரம், கல், இரும்பு என்று தனித்தனியாக ஒரு பட்டியல் எழுதி, குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அதன் பிறகு கூலியைக் கழித்துப் பேசுங்கள்.

பேச்சில் இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். கையால் பிரிக்கப் போகிறாரா, ஜேசிபி வைத்துத் தள்ளப் போகிறாரா? ஜேசிபி வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஓடு முழுவதும் நொறுங்கும், நிலை பிளக்கும், செங்கலும் மண்ணும் ஒரே குவியலாகிவிடும். மேலிருந்து கீழாக, கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, ஓடு, ரீப்பர், கைமரம், உத்தரம், சுவர் என்று பிரித்தால்தான் சாமான் சாமானாகக் கைக்கு வரும். மிஞ்சும் இடிபாட்டை எங்கே கொண்டுபோகிறார் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஏன் என்பது வாய்க்கால் பற்றிய கேள்வியில் புரியும்.

பழைய செங்கல் பலமாக இருக்குமா? புதுச் சுவரில் வைக்கலாமா?

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரா, சிமெண்டில் கட்டியதா என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சாந்து செங்கலைவிட மென்மையானது. கொத்துக்கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினாலே உதிர்ந்து, செங்கல் முழுசாக வரும். சிமெண்ட் சாந்து செங்கலைவிடக் கெட்டி. அதைப் பிரிக்கப் போனால் செங்கல்தான் உடையும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் சுண்ணாம்பு இருப்பதால் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சோதனை எளிது. இரண்டு செங்கலை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் வேகாதது. ஆணியால் கீறினால் ஆழமாகப் பதியக் கூடாது. இடுப்பளவு உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக் கூடாது. சந்தேகம் தீரவில்லையென்றால் காய்ந்த செங்கலை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அதைச் சுவருக்கு வைக்காதீர்கள். உடைத்து ஜல்லியாக்கிக்கொள்ளலாம்.

தேறிய செங்கலையும் மதிற்சுவர், உள்சுவர், திண்ணை, படிக்கட்டு என்று பாரம் குறைந்த இடத்துக்கு ஒதுக்குங்கள். அளவு ஒன்றுபோல் இருக்காது, சாந்து கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். கட்டுவதற்கு முன் நன்றாக ஊறவைக்க வேண்டும். தூசி படிந்த பழைய செங்கலை உலர்ந்தபடியே வைத்தால் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பிடிப்பே இல்லாமல் நிற்கும். இரண்டு மாடி தாங்கும் சுவருக்குப் பழைய செங்கல் வைக்கலாமா என்று கேட்டால், பொறியாளர் மாதிரி எடுத்துச் சோதித்துச் சொல்லாமல் வைக்க வேண்டாம்.

எங்கள் வீடு வேதாரண்யம் பக்கம். செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கழுவினால் போய்விடுமா?

மேலே உள்ளது போகும், உள்ளே உள்ளது நிற்கும். புதுச் சுவரில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது வெளியே வந்து பூச்சைத் தள்ளும். ஒரு தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் வற்றும்வரை விடுங்கள். இன்னொரு முறை அதேபோல் செய்யுங்கள். காய்ந்தபின் வெள்ளைப் படிவு பத்தில் ஒரு பங்குப் பரப்புக்குள் இருந்தால் பயன்படுத்தலாம். பாதிப் பரப்பைத் தாண்டினால் சுவருக்கு ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அருகிலும் அதைக் கொண்டுபோகாதீர்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும். தோட்டத்து நடைபாதைக்குப் போடலாம்.

பெயிண்ட் அடித்த மரம். உள்ளே தேக்கா, வேறு மரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணுக்குப் படாத மூலையில், நிலையின் பின்பக்கத்தில், உளியால் ஒரு சீவு சீவுங்கள். தேக்கென்றால் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம், விரலில் லேசாக எண்ணெய்ப் பசை, தோல் வாசனையை ஒத்த ஒரு மணம். நூறு வயதான மரத்திலும் புதிதாகச் சீவிய இடத்தில் அந்த மணம் வரும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு நம் பழைய வீடுகளில் உண்டு. எல்லா வீட்டிலும் உண்டு என்று நினைத்து வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். சாதாரணக் குடும்பங்களின் வீடுகளில் பூவரசு, வேம்பு, பனை ஆகியவையே அதிகம். பனங்கையை மட்டமாக நினைக்காதீர்கள். வைரம் பாய்ந்த கறுப்புப் பனை பல தலைமுறை கூரை தாங்கும். உள்ளே வெள்ளைச் சோறு (மென்மையான பகுதி) மிகுந்தது உளுத்துப் போகும்.

எந்த மரமானாலும் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருந்த முனை. உத்தரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுகிறவர் பாதி வேலைதான் பார்த்திருக்கிறார். இரண்டு முனையையும் கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள். கரையான் ஏறியிருந்தால் அந்த அளவை அறுத்துத் தள்ளிவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள். மரவாடிக்கு அறுக்க அனுப்புவதற்கு முன் காந்தத்தை வைத்து மேலும் கீழும் தேய்த்து ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு பழைய ஆணி ரம்பத்தைக் கெடுத்துவிட்டால், அறுப்பவர் அடுத்த முறை உங்கள் மரத்தைத் தொடமாட்டார்.

பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சு என்றால் ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைக் கூட்டி அள்ளி, குழந்தைகள் இல்லாத இடத்தில் வேலையை முடியுங்கள்.

இன்னொருவர் வீட்டு நிலையை வாங்கி நம் வீட்டில் வைத்தால் ஆகாது என்று அத்தை சொல்கிறார். உண்மையா?

நம்பிக்கையோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை, அத்தையோடு அதைவிட இல்லை. ஆனால் இந்த மண்ணில் செய்து வந்ததைச் சொல்கிறேன். பழைய நிலையை இழைத்து, அளவு குறைத்து, கொல்லைப்புற வாசலுக்கோ உள்ளறைக்கோ வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். தலைவாசலுக்கு மட்டும் புதிது செய்துகொள்வார்கள். அத்தையும் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டுக்கு இறங்கி வருவார்.

நிலையை மேசையாகவோ ஊஞ்சல் பலகையாகவோ மாற்றிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. வேலைப்பாடு மிகுந்த நிலை என்றால் அறுக்காமல் வைத்திருங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அதற்கு மதிப்பு வேறு. நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும். "சிங்கப்பூர்க்காரர் கேட்கிறார்" என்று ஆசை காட்டுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இறக்கிய சீமை ஓட்டை மாட்டுக் கொட்டகைக்குப் போடலாமா?

தாராளமாக. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய இந்த வகை ஓடு, உடையாதவரை கெடுவதில்லை. ஓட்டின் மேல் கம்பெனிப் பெயர் அச்சிட்டிருக்கும். பெயர் வாரியாகப் பிரித்து அடுக்குங்கள். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓட்டின் மேடு சரியாக உட்காராது, அந்த இடுக்கு வழியாகத்தான் ஐப்பசி மழை உள்ளே வரும். நூறு சதுர அடிக்கு 140, 150 ஓடு பிடிக்கும். படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

நாட்டு ஓடு மெல்லியது, பாதி கைக்கு வருவதே அதிகம். உடைந்ததைத் தூளாக்கினால் சுர்க்கி, சுண்ணாம்பில் கலந்து சாந்தாக்கலாம்.

வீடு கட்டி முடிந்தது. ஆறு மூட்டை சிமெண்ட் மிஞ்சிவிட்டது. எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மூன்று மாதத்தைத் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் தளத்துக்கோ தூணுக்கோ போடக் கூடாது என்பது பொது விதி. கார்த்திகை ஈரத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் மூட்டைக்கு அந்த மூன்று மாதமும் அதிகம். பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தார்ப்பாய் சுற்றி வையுங்கள். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக, மாவாக இருக்க வேண்டும். விரலால் நசுக்கினால் உதிரும் சிறு கட்டி இருந்தால் சலித்துவிட்டு நடைபாதைக்கோ தொட்டியின் அடித்தளத்துக்கோ பயன்படுத்தலாம். நசுங்காத கட்டி என்றால் அது கல்லாகிவிட்டது, தரை நிரப்பப் போடுங்கள்.

பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் சில நாட்களுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை வாங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தெருவில் வேலை நடக்கும் வீட்டுக்கு அன்றைய விலைக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிடுங்கள். மூட்டையை என்னிடம் கொண்டுவராதீர்கள், பழைய சிமெண்டை நான் வாங்குவதில்லை.

கம்பித் துண்டுகளை என்ன செய்வது? இடித்த வீட்டுக் கம்பியை நிமிர்த்திப் போடலாமா?

புதுக் கம்பியின் துண்டுகளில் நீளமானவற்றைப் படிக்கட்டு, சன்ஷேடு, அலமாரிப் பலகை போன்ற சிறு வேலைகளுக்குப் பொறியாளர் சொல்படி பயன்படுத்தலாம். இரண்டு துண்டைச் சேர்த்துக் கட்டும்போது மேற்பொருத்து (ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம்) பொதுவாகக் கம்பி விட்டத்தைப் போல் 50 மடங்கு வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 60 சென்டிமீட்டர். பொருத்துக்கே கம்பி தீர்ந்துவிடும் என்றால் அந்தத் துண்டால் பயனில்லை. மிகச் சிறியவற்றை வளைத்து, தளத்தின் மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலியாக்கலாம்.

இடித்த கட்டடத்துக் கம்பியைப் புதுத் தூணிலோ பீமிலோ வைக்கவே கூடாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பியின் பலம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. வேலிக்கு, பந்தலுக்கு, அவரைக்கொடிக்கு வையுங்கள், அல்லது காயலான் கடைக்கு எடை போடுங்கள். எடையைச் சரிபார்க்க ஒரு வழி: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 10 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 620 கிராம். இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே கடைக்குள் நுழைந்தால் தராசு ஒழுங்காக நிற்கும்.

டைல்ஸும் பெயிண்டும் மிஞ்சியிருக்கின்றன.

டைல்ஸில் ஒரு பெட்டி பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. வெள்ளை நிற உடைசலை மொட்டைமாடியில் பதித்தால் வெயில் திரும்பும். பெயிண்டை மூடியை இறுக்கித் தலைகீழாக வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். வடிகாலில் ஊற்றாதீர்கள்.

இடித்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாகப் பயன்படுத்தலாமா? யாரும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. பழைய கான்கிரீட்டிலிருந்து முறையாக உடைத்துச் சலித்து எடுத்த ஜல்லியை, கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 தரம் (எம் எண் கூடினால் பலம் கூடும்) வரையுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும், எம்15க்குக் குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் கலக்கலாம். முறையாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டு வாசலில் சம்மட்டியால் உடைத்ததில் பூச்சும் மண்ணும் மரச்சிராயும் கலந்திருக்கும். அதைத் தரைக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தளத்துக்குப் போடச் சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள்.

செங்கல் ஜல்லி விஷயத்தில் நமக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கல் இல்லாத ஊர்க்காரர்கள் செங்கலை உடைத்துத்தான் காலம் தள்ளினார்கள். மொட்டைமாடியில் வெயிலையும் மழையையும் தடுக்கும் சுண்ணாம்புத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்கும் நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கும் என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. மணல் கிடையாது. கட்டையால் அடித்து அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் பழைய வீட்டின் உடைசலே போதும். உப்புப் பூத்ததை மட்டும் முன்பு சொன்னபடி சோதித்து விலக்குங்கள்.

தரையை உயர்த்த வேண்டும். வயல் மண் அடிக்கலாமா, இடிபாடு போடலாமா?

வயல் களிமண் வேண்டாம். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட தரையும் கூடவே ஆடும். அதைவிடச் செங்கல் உடைசலும் பழைய சுண்ணாம்புப் பூச்சும் மண்சாந்தும் கலந்த இடிபாடு எவ்வளவோ மேல். மரத்துண்டு, பிளாஸ்டிக், வேர் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, அரையடி அடுக்காகப் போட்டு, இடுக்கில் மணல் இறங்கும்படி தண்ணீர் விட்டு, திமிசால் இடித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால் உள்ளே பொந்து நிற்கும். தரை இறங்கும், எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

வாய்க்கால் கரை புறம்போக்குதானே? இரண்டு டிராக்டர் கொட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைமடைக்காரருக்கு நஷ்டம். நம் நிலம் தட்டையானது, தண்ணீர் இறங்கி ஓட வாட்டம் மிகக் குறைவு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும், ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கண்ணி என்று பிரிந்து கடைசி வயலுக்குப் போவதற்குள் எத்தனை தடை என்பதைப் பொறுத்தே அவருக்குக் குறுவை. நீங்கள் கரையில் கொட்டுவது முதல் மழையில் உள்ளே சரியும். வடிகாலை அடைத்தால் இன்னும் மோசம். வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்க அந்த இரண்டு டிராக்டரும் காரணமாகும்.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள் சாலையிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது என்றன. ஒரு நாளில் 20 டன்னோ ஒரு திட்டத்துக்கு மாதத்தில் 300 டன்னோ தாண்டுகிறவர்கள் கான்கிரீட், மண், இரும்பு மரம் பிளாஸ்டிக், செங்கல் சாந்து என நான்காகப் பிரிக்க வேண்டும் என்றன. அவற்றுக்குப் பதிலாக 2025இல் அறிவித்த விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டன. இடிப்பதற்கு முன்பே நகராட்சியிலோ ஊராட்சியிலோ எங்கே கொட்டலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் தரை நிரப்ப இடிபாடு தேடும் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார்.

கஜா புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் கொல்லையில் கிடக்கிறது. ஜல்லியோடு சேர்த்து நொறுக்கிவிடலாமா?

கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வீசிய அந்தப் புயலுக்குப் பிறகு நாகை, திருவாரூர் கிராமங்களில் உடைந்த ஷீட் கோழிக்கூண்டாகவும் குளியலறைத் தடுப்பாகவும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். நொறுக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் நார் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோய் தரும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

முழு ஷீட்டைத் தொடாமல் விட்டால் ஆபத்து குறைவு. உடைந்ததை நன்றாக நனைத்து, முகக்கவசம் கட்டிக்கொண்டு, மேலும் உடைக்காமல் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, அது என்னவென்று எழுதி ஒட்டி, உள்ளாட்சி அலுவலகத்தைக் கேட்டு ஒப்படையுங்கள். எந்த விலைக்கும் நான் வாங்கமாட்டேன். வாங்குகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போது சிலையோ பழைய கல்லோ வந்தால் வேலை நின்றுவிடுமே?

சில நாள் நிற்கும். மறைத்தால் அதற்கு மேலும் நிற்கும். புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், அங்கிருந்து போகும். நம் மண்ணில் இது அபூர்வமும் இல்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் கிடைத்தன.

எழுத்துப் பொறித்த கல் என்றால் துணி துவைக்கவோ படிக்கட்டாகவோ போடாதீர்கள். மறுபயன்பாடு எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல்லுக்கு வேறெங்கும் அலையாமல் கங்கைகொண்ட சோழபுரத்து மதிலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதையும் செய்யவில்லை. அணை இன்றும் பாசனத்துக்கு உதவுகிறது. மதிலில் என்ன எழுதியிருந்தது என்பதை இனி யாரும் படிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. பழைய சாமானில் கட்டினால் உண்மையிலேயே செலவு குறையுமா?

மரத்தில் குறையும், சந்தேகமில்லை. அதே தரத்துத் தேக்கைப் புதிதாக வாங்கும் விலைக்குப் பழையதையும் வாங்கி, இழைப்புக் கூலியும் கொடுத்து, மிச்சமும் பார்க்கலாம். ஓட்டிலும் தரைக்கல்லிலும் குறையும். செங்கலில் உங்கள் சொந்த வீட்டுச் செங்கல், அதே மனையில் கட்டுகிறீர்கள் என்றால் குறையும். வேறு ஊரிலிருந்து ஏற்றி, இறக்கி, சாந்து தட்டி, உடைந்ததைக் கழித்தால் புதுச் செங்கல் விலைக்கே வந்து நிற்கும்.

கூலியைக் கணக்கில் சேர்க்காமல் என்னிடம் பேரம் பேச வருகிறவர்கள் அதிகம். சாமான் எடுக்க வருவதற்கு முன் உங்கள் மேஸ்திரியையும் தச்சரையும் கேட்டு, கதவு ஜன்னல் அளவுகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். நிலையின் உயரம் தெரியாமல் வாங்கிப் போய், அதற்காக லிண்டலை (வாசலுக்கு மேலுள்ள கான்கிரீட் பட்டையை) உடைத்தவர்கள் இருக்கிறார்கள். தை பிறந்து மார்ச் வரை இடிப்பு வேலை அதிகம், சாமானும் அப்போதுதான் நிறைய வரும்.